மரம் (பொறுப்பு)

மாநகரச் சதுக்கத்தில் இருக்கும் நானூறு ஆண்டுப் பழைய மரத்தைப் பார்க்க நானும் என் மனைவி தையல்நாயகியும் போயிருந்தபோது, மரம் விடுப்பில் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது முற்பகல் பதினொன்று ஐந்துக்கு. திரும்பும் பேருந்து மாலை நான்கு நாற்பதுக்கு. மரம் நின்ற இடத்தில் வட்டமாக ஒரு சிமெண்டுக் கட்டு இருந்தது. கட்டுக்குள் ஒரு குழி. குழிக்குப் பக்கத்தில் மேசை போட்டு ஓர் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். சட்டையில் கிருபாகரன் என்று பெயர் குத்தியிருந்தார்.

"மரம் எங்க சார்?" என்று கேட்டேன்.

"லீவு."

"எப்ப வரும்?"

"போன தடவை ஆடியில போச்சு. மாசியிலதான் வந்து ஜாயின் பண்ணுச்சு."

"நாங்க முசிறியிலேருந்து வர்றோம்."

"அதுவும்தான் எங்கயோ போயிருக்கு. நான் கேட்டனா?"

தலைக்கு மேல் பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு கிளை மட்டும் எதிலும் ஒட்டாமல் நின்றது. அதன் மேல் கண்ணாடி அணிந்த ஒரு பெண் அமர்ந்து கோப்புகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். கிளைக்கு ஓர் ஏணி சாத்தியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து கிருபாகரன் சொன்னார்: "மரம் லீவுல போகலாம். கிளையை மூட முடியாதுல்ல."

குழிக்கு முன்னால் அறிவிப்புப் பலகை. 'அரசு மரம். வயது 400. தொடாதீர்.'

பலகையை இன்னொரு முறை படித்தேன். அது அரச மரம். 'ச'வின் கீழே பெயிண்ட் வழிந்து உலர்ந்து 'சு' ஆகியிருந்தது.

"இது பிழையாச்சே."

"அந்தப் பெயிண்டு வழிஞ்ச அன்னிலேருந்துதான் சார் அதுக்கு சர்வீஸே" என்றார் கிருபாகரன்.

நான் குறிப்பேட்டை எடுத்துப் பலகையின் வாசகத்தை நிறுத்தற்குறிகளோடு படியெடுத்தேன். அதற்கு நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடத்தில்தான் அது நடந்தது.

மரம் போயிருந்தாலும் நிழல் அங்கேயே கிடந்தது. நிழலுக்கு விடுப்பு அனுமதிக்கப்படவில்லையாம். வெயில் தாங்காமல் தையல்நாயகி கட்டைத் தாண்டிக் குழிக்குள் இறங்கி நிழலில் நின்றாள். கிருபாகரன் ஒரு பதிவேட்டை நீட்டினார். பார்வையாளர் புத்தகம் என்று நினைத்து அவள் கையெழுத்திட்டாள். அது வருகைப் பதிவேடு.

கிருபாகரன் அவள் பெயருக்கு எதிரே 'மரம் (பொறுப்பு)' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"என்னங்க, காலை எடுக்க வரல" என்றாள் தையல்நாயகி.

"இழுத்துப் பாரு."

"பாத்துட்டேன். கீழ ஜில்லுன்னு இருக்கு."

குழியில் மண் அவள் முழங்கால் வரை நிரம்பியிருந்தது. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. "நானூறு வயசுன்னு சொல்லவே முடியாது" என்றார் குடும்பத் தலைவர். தையல்நாயகிக்கு ஐம்பத்து மூன்று. அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. வீட்டில் அதை நான் அதிகம் பார்த்ததில்லை.

"இவங்களை எப்ப விடுவீங்க?" என்று கிருபாகரனிடம் கேட்டேன்.

"மரம் வந்து ஜாயின் பண்ற அன்னிக்கே ரிலீவ். அரை நாள் தாமதம் கிடையாது."

"வரலன்னா?"

"வராம எங்க போகும்? கவர்மெண்டு மரம் சார். லீவு தீர்ந்தா வந்துதானே ஆகணும்."

மாசி வரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. அதைவிடச் சுருக்கமான வழி என் கையில் இருந்தது. பிழையைத் திருத்தினால் அது அரசு மரம் அல்ல. அரசு இல்லையென்றால் பதவி இல்லை. பதவி இல்லையென்றால் பொறுப்பு ஏது? சிமெண்டுக் கட்டில் அமர்ந்து மனு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் உண்டு.

"என்னத்த எழுதுறீங்க?" என்றாள் தையல்நாயகி.

"பிழைதிருத்தம்."

"வேண்டாங்க. அதுபாட்டுக்கு லீவு முடிஞ்சு வரட்டும். நான் அன்னிக்கே வந்துடறேன். இட்லி மாவு ரெண்டு நாளைக்கு இருக்கு."

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தானே எழுதுறேன்."

"கடலைப் பருப்புக்கு ஒரு 'ப்' விட்டுப்போச்சுன்னு மளிகை லிஸ்ட்டக் கடைக்கே அனுப்பாம வச்சிருந்த மனுசன் நீங்க. யாருக்காக எழுதுறீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஏணியில் ஏறினேன்.

ஏணிக்குப் பதினொரு படிகள். ஏழு ஏறிய பிறகும் பதினொன்று பாக்கியிருந்தன. நடுப்படியில் ஒருவர் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏறும்போது எனக்கு நடராசன்னு பேரு" என்றார். "இப்ப?" என்றேன். "மனுதாரர்" என்று சொல்லி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கிளையை அடைந்தேன். கிளை அலுவலர் நிமிராமல் கேட்டார்.

"என்ன விஷயம்?"

"எழுத்துப் பிழை, மேடம்."

"எத்தனை எழுத்து?"

"ஒரே ஒரு உகரம்."

"குற்றியலுகரமா, முற்றியலுகரமா?"

"குற்றியலுகரம். உயிர்த்தொடர்."

"தப்பிச்சீங்க. முற்றியலுகரம்னா சென்னைக்குப் போகணும். குறுகினது மட்டும்தான் எங்க அதிகாரத்துல வரும்." மனுவைப் புரட்டினார். "இதனால உங்களுக்கு ஏதாவது பாதிப்பு?"

"என் மனைவி மரமா இருக்காங்க."

"அது பாதிப்பு இல்ல. அது பணி. நல்லா யோசிச்சீங்களா? உகரத்தை எடுத்தா திரும்ப வைக்க முடியாது."

கீழேயிருந்து தையல்நாயகி கூப்பிட்டாள். "என்னங்க! குடுத்துட்டீங்களா?"

"பிழை பிழைதானே மேடம்" என்றேன்.

அவர் கையெழுத்திட்டார். மனுவில் பிழை இல்லை என்று பாராட்டினார். எனக்கு அது மகிழ்ச்சியாகவே இருந்தது.

இறங்கும்போது மூன்றே படிகள். கிருபாகரன் உத்தரவைப் படித்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து பழைய பிளேடு ஒன்றை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினார். 'சு' மறுபடி 'ச' ஆயிற்று. ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை.

பிறகு கிளை மெதுவாக இறங்கி வந்து தையல்நாயகியின் வலது தோளில் ஒட்டிக்கொண்டது. அலுவலர் கைப்பையோடு குதித்து இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனார். கிருபாகரன் மேசையை மடக்கினார்.

"சார், இவங்களை ரிலீவ் பண்ணுங்க" என்றேன்.

"எதிலேருந்து?"

"மரம் பொறுப்புலேருந்து."

"அந்தப் பதவிதான் இல்லையே. இல்லாத பதவியிலேருந்து எப்படி சார் ஒருத்தரை ரிலீவ் பண்றது?"

"அப்ப லீவுல போன மரம்?"

"வர வேண்டாம்னு போன் பண்ணியாச்சு. ரொம்ப சந்தோசப்பட்டுச்சு."

"அப்ப இவங்க யாரு?"

அவர் பலகையைத் திரும்பிப் படித்தார். "அரச மரம்" என்றார். "பொறுப்புன்னு எதுவும் போடலையே." மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்.

அவர் கடப்பதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். மஞ்சள் நூல், குங்குமம், நல்லெண்ணெய் விளக்கு. தள்ளுவண்டியில் ஒரு பிள்ளையாரும் வந்தார். அவரை இறக்கித் தையல்நாயகியின் முன்னால் வைத்தார்கள். அவள் முகம் இப்போது நான் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருந்தது. காற்றே இல்லை. இலைகள் மட்டும் அசைந்தன.

"தையலு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். மணி நான்கு பத்து.

அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் என் முதுகைத் தொட்டார்.

"சுத்துறதுன்னா சுத்துங்கண்ணே. இல்லாட்டி ஒதுங்குங்க. ஆளுங்க நிக்கிறாங்கல்ல."

"எத்தனை சுத்து?"

"என்ன வேண்டுதல்?"

"மனைவி வீட்டுக்கு வரணும்."

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

யோசித்தேன். "ஆமாம்" என்றேன்.

"அப்ப நூத்தியெட்டு."

சுற்றத் தொடங்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டேன். நாற்பதாவது சுற்றில் எங்கள் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு சதுக்கத்தைத் தாண்டிப் போனது. தொண்ணூற்றாறாவது சுற்றில் மேலிருந்து குரல் வந்தது.

"என்னங்க."

நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். என் கண்கள் கலங்கியிருந்தன.

"சொல்லு, தையலு."

"செருப்பக் கழட்டிட்டுச் சுத்துங்க."

கழற்றினேன். செருப்போடு சுற்றியதெல்லாம் சேராது என்று பின்னால் வந்த பெண் சொன்னார். குறிப்பேட்டில் புதிய பக்கம் திருப்பி, ஒன்று என்று எழுதினேன்.