மூன்று புள்ளி நான்கு மைக்ரானில் ஒரு பள்ளம்

கொடைக்கானல் பஜாரில் தைலக்கடை வைத்திருக்கும் ஒலியுல்லாவின் மகள் ஷைமா, வானத்துக் கரியைத் தேடுகிறவள். நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் தூசியில் என்ன கரி இருக்கிறது என்பதை அகச்சிவப்பு ஒளிதான் சொல்லும். ஒவ்வொரு வகைக் கரிப்பொருளும் அந்த ஒளிக்கோட்டில் தனக்கென்று ஓர் இடத்தில் பள்ளம் விழவைக்கும். மதுரை ஆய்வகத்தில் அவள் செய்த புகைக்கரியை உப்பு வில்லையில் அழுத்தி அளந்தபோது, மூன்று புள்ளி நான்கு மைக்ரானில் விழுந்த பள்ளம், விண்வெளித் தொலைநோக்கி அனுப்பிய கோட்டோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

அந்த ஒரு பள்ளத்தை நம்பித்தான் ஜெர்மனியில் மூன்று வருட ஆராய்ச்சிக்கு இடம் தந்தார்கள். அதை நம்பித்தான் ஒலியுல்லாவும் பெரியகுளத்து மாப்பிள்ளை வீட்டாரைப் பொறுத்திருக்கச் சொன்னார். அந்த இடம் கைநழுவினால் அடுத்த மாதமே நிக்காஹ் என்று பேச்சு. ஷைமாவும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டி வைத்திருந்தாள்.

போன வாரம் அதே கரியைப் புது வில்லையில் அழுத்தி மறுபடி அளந்தாள். பள்ளம் இல்லை. மூன்று முறை அளந்தும் இல்லை. ஊருக்கு பஸ் ஏறி, பெருமாள்மலை தாண்டும்வரை மண்டையை உடைத்துக்கொண்டும் பிடிபடவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, அம்மா சுலைகா தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. முதல் தடவை அளந்த அன்று அவளுக்குச் சளி. அம்மா கொடுத்தனுப்பியதை நெஞ்சில் தேய்த்துவிட்டு, உறை போடாத கையால் வில்லையை எடுத்திருக்கிறாள். எண்ணெயும் அதே இடத்தில்தான் பள்ளம் போடும். வேறு ஊர்க்காரியாக இருந்தால் வாடையே காட்டிக்கொடுத்திருக்கும். இவளுக்குத் தைலவாடை ஒரு வாடையா?

மதுரையில் தன் வழிகாட்டியான பேராசிரியர் சேனாதிபதிக்கு போன் செய்தாள். யார் திரும்ப அளக்கப் போகிறார்கள், போய்ச் சேர்ந்தபின் திருத்திக்கொள்ளலாம் என்றார். போனால் மூன்று வருடம் தன் கை எண்ணெயை வானம் என்று சாதிக்க வேண்டும். போகாவிட்டால் பெரியகுளம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஜெர்மனிக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டு, கடைக்குப் போய் அத்தாவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். இடம் இனி இல்லை என்பதையும்.

ஒலியுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தார்.

"நீ செஞ்சதுதாம்மா சரி," என்றார். "இப்பிடி ஒரு பொண்ணு யாருக்குக் கெடைக்கும்? மாப்பிள்ளை வீட்டுல இதையே சொல்றேன். ரொம்ப சந்தோசப்படுவாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் அவளும் ஒரு கை பார்த்திருப்பாள். கண் கலங்கிப் பெருமைப்பட்டவரிடம் என்ன சண்டை போடுவது? அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியகுளத்தில் போனை எடுத்துவிட்டார்கள்.