இட்டினுவார் உட்கார்ந்த இடம்

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வடதுருவத்தை ஒட்டிய கடற்கரை ஊரின் பள்ளிக்கூட அறையில், மேசைமேல் விரித்திருந்த சுயாட்சி ஒப்பந்தத்தின் வரைபடத்தில் ஏறி உட்கார்ந்த இட்டினுவாரை ஆறு ஆண்கள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. இட்டினுவாருக்கு அப்போது எட்டு மாதம்.

குழந்தை, வேட்டைக்காரன் உலாயுக்கின் தங்கை அர்னாக்கின் மகள். முந்தைய வசந்தத்தில் செத்துப்போன அவர்களுடைய தகப்பனின் பெயரை அவளுக்கு வைத்திருந்தார்கள். பெயரோடு ஆளும் வந்துவிடுவது அந்தக் கடற்கரையில் வழக்கம். அதனால் உலாயுக் அவளை அப்பா என்றுதான் கூப்பிடுவான், பெற்றவளும் அப்படித்தான்.

தெற்கிலிருந்து வந்த அரசாங்க அதிகாரிக்கு மறுநாள் கையெழுத்து வாங்கி விமானம் ஏற வேண்டும். “பெத்தவ ஒரு அதட்டு அதட்டக் கூடாதா?” என்று மொழிபெயர்ப்பாளரை விட்டுக் கேட்டார்.

“எங்கப்பாவை நான் அதட்டுறதா? நல்லாருக்கே நியாயம்! நீங்க வேணா உங்கப்பாவை அதட்டிப் பாருங்க” என்றாள் அர்னாக்.

“கிழவர் உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான். உக்காந்தா எந்திரிக்க மாட்டார்” என்றான் பின்வரிசை வேட்டைக்காரன் ஒருவன். பள்ளிக்கூட அறையே சிரித்தது.

உலாயுக் சிரிக்கவில்லை. குழந்தையின் குதிகால் அழுத்திக்கொண்டிருந்தது பனிமான்கள் ஆற்றை நீந்திக் கடக்கும் துறை. மான் மிரளக் கூடாதென்று அங்கே யாரும் கூடாரம் போடுவதில்லை, கால்கூட வைப்பதில்லை; வேட்டையெல்லாம் தொலைவில்தான். இரண்டு வருடம் முன்பு, எங்கெங்கே போவீர்கள் என்று வரைபடத்துக்காகக் குறித்துக்கொள்ள வந்தவர்களிடம் அவன்தான், “அந்தத் துறைக்கு யாரும் போறதில்லை” என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்தான். சுயாட்சியின் எல்லைக் கோடு துறையை வெளியே தள்ளிவிட்டது. வெளியே போன நிலத்தில் சுரங்கச் சாலை வரும் என்று பேச்சு. மான் வராத ஊரை ஆண்டு என்ன பயன்?

அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது. “தப்பு என்னோடதுதான், அப்பா” என்று குனிந்து சொல்லிவிட்டு அதிகாரியிடம் திரும்பினான். “நாங்க போகாததாலதாங்க அங்க மான் வருது. அது எங்க இடம். கோட்டை மாத்துங்க.”

“போகாத இடத்துக்கு உரிமை கேக்குற ஆளுங்களை இப்பத்தான் பாக்குறேன்” என்றார் அதிகாரி.

விமானம் அவர் இல்லாமலே போனது. மேலிடத்தோடு தொலைபேசியில் பேசினார், வாதாடினார். குழந்தைக்கு வரைபடத்திலேயே பால், அங்கேயே தூக்கம். தேநீர் குடிக்க வந்தவர்களெல்லாம் ஆசைக்கு ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்கள். மேசைக்கால் ஒன்று தரைப்பலகைக்குள் இரண்டு விரற்கடை இறங்கியது. வெள்ளிக்கிழமை மதியம் அதிகாரி பழைய கோட்டை அழித்து, துறைக்கு அப்பால் புதுக் கோடு போட்டார். அர்னாக் குழந்தையை ஒரே கையால் எடுத்துத் தன் மேலங்கியின் முதுகுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து ஊர்ச் சபையில் எந்த வரைபடத்தை விரித்தாலும், கையெழுத்துக்கு முன் ஒரு குழந்தையை அதன்மேல் விட்டுவிட்டுத் தேநீருக்குப் போகிறார்கள். தவழ்ந்து இறங்கிவிட்டால் கோடு சரி என்று கையெழுத்துப் போடுகிறார்கள். துறை இப்போது சபையின் ஆளுகையில் இருக்கிறது. அங்கே யாரும் போவதில்லை.