ஆறு மணிக்கு நின்ற ஓட்டம்

தவீக்கு ஐந்து மாதத்தில் பதினோரு கிலோ குறைந்திருந்தது. தெருவே மெச்சியது. அவன் பெண்டாட்டி சௌவனி மட்டும் மெச்சவில்லை.

இருபத்தாறு வருஷமாகத் தொந்தியோடு நிம்மதியாக வாழ்ந்த மனிதன் அவன். சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் ஓடச் சொல்கிறார் என்று ஒருநாள் ஷூ வாங்கி வந்தான். அன்றிலிருந்து, அடுக்குமாடிக் குடியிருப்பில் பகல் காவல் முடிந்ததும் நேரே லும்பினி பூங்காவுக்குத்தான் போனான். பத்து நாளில் விட்டுவிடுவான் என்று நினைத்தாள். விடவில்லை.

சந்து முனையில் அவள் பன்றிக்கறிக் குச்சி சுட்டு விற்றாள். பக்கத்துக் கடையில் பப்பாளிக்காய்க் கலவை இடித்து விற்கும் மாலிதான் முதலில் ஊதிவிட்டது.

“அம்பது வயசுல ஆம்பளை தொப்பையக் குறைக்கிறான்னா, பொண்டாட்டிக்காகவாடி குறைப்பான்?”

“சும்மா இருங்கக்கா. அந்த மூஞ்சிக்கு எவ வருவா?”

“கிலோ குறையக் குறைய மூஞ்சி வெளிய வருதில்ல!”

சௌவனி சிரித்தாள். ஆனால் சந்தேகம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி. நின்றாலும் குத்தும், நடந்தாலும் குத்தும். பேசும்போது அவன் இப்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை, காதுப் பக்கம் பார்த்துப் பதில் சொன்னான். கதவு நிலையில் முட்டிக்கொண்டான். நினைப்பு வீட்டில் இருந்தால்தானே? நடந்தால் உடம்புக்கு நல்லது என்று மோட்டார் சைக்கிளையும் விற்றுவிட்டான்.

அடுப்பு வெக்கை தாங்காமல், இடுப்புவரை தொங்கிய முடியை அவள் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து காய் சூப்பைக் குடித்துவிட்டு எழுந்து போனான். ஒரு வார்த்தை இல்லை. அன்று இரவு அவளுக்கு அழுகை வந்தது. பழைய தவீ, அவள் நகம் வெட்டினால்கூடக் கேலி செய்வான்.

அடுத்த வாரம் அவன் கால்சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் ஒரு முழம் சிவப்புக் கயிறு இருந்தது. இரண்டு முனையிலும் கை நுழையும் அளவுக்குச் சுருக்கு. முகர்ந்து பார்த்தாள். பெண்கள் பூசும் மல்லிகைப் பவுடர்.

“இது என்னங்க?”

“அது... ஷூ நாடா.”

“ஷூவுக்கு இப்பல்லாம் பவுடர் போடுறாங்களா?”

அவன் குளிக்கப் போனான்.

வியாழக்கிழமை அடுப்பை மாலியிடம் ஒப்படைத்துவிட்டு, முகமூடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு சௌவனி பூங்காவுக்குப் போனாள். குளத்தோரம் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். தவீ, அவன் பக்கத்தில் மஞ்சள் பனியன் போட்ட ஓர் இளம்பெண். இருவர் கையையும் அதே சிவப்புக் கயிறு பிணைத்திருந்தது. தோளோடு தோள், அடியோடு அடி.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. முகமூடியையும் தொப்பியையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடுபாதையின் நடுவில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள்.

ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கியது. மணி ஆறு.

தினமும் இந்நேரம் அது ஒலித்தால் ஊரே அசையாமல் நிற்கும் வழக்கப்படி, ஓடியவர்கள் ஓடிய இடத்திலேயே நின்றார்கள். தவீயும் அந்தப் பெண்ணும் பத்தடி தூரத்தில், அவளுக்கு நேர் எதிரே நின்றார்கள். திறந்த வாயைச் சௌவனி மூடிக்கொண்டாள். குளத்திலிருந்து ஏறிய ஓர் உடும்பு மட்டும் எதையும் மதிக்காமல் பாதையைக் கடந்தது. அந்த ஊரில் கெட்ட வசவான அந்தப் பிராணியின் பேரைச் சொல்லித்தான் அவள் ஒரு வாரமாகப் புருஷனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் அவளையே பார்த்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகத்தில் ஒரு சலனம் வேண்டாமா? கயிற்றையாவது மறைக்க வேண்டாமா? என்ன நெஞ்சழுத்தம்! அவளும் முறைத்தாள். பாட்டின் பாதியில் அவளுக்கு என்னவோ பயமாக இருந்தது. அந்தப் பார்வை அவள்மேல் படவே இல்லை.

பாட்டு முடிந்தது.

“மாமா, முன்னாடி ஒரு அம்மா நிக்கிறாங்க,” என்றாள் அந்தப் பெண்.

தவீ மரியாதையாகச் சிரித்தான். “கொஞ்சம் வழி விடுங்கம்மா.”

சௌவனி விலகினாள். தாண்டிப் போகையில் அந்தப் பெண்ணின் முதுகில் ‘பார்வையற்றோருக்கு ஓட்டத்துணை’ என்று எழுதியிருந்தது தெரிந்தது.

“வீட்டுல சொல்லிட்டீங்களா மாமா?”

“சக்கரை எறங்கினா மிச்சப் பார்வையாவது தங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா. எறங்கட்டும், சொல்லிக்கலாம். பாவம், பயந்துடுவா.”

வாழ்க்கையில் ஓடியறியாத சௌவனி, ரப்பர் செருப்பு டப் டப்பென்று அடிக்க அவர்கள் பின்னால் ஓடினாள். இருபதடி போவதற்குள் மூச்சு முட்டியது. தவீ சட்டென்று நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“இது என் பொண்டாட்டி செருப்புச் சத்தமாச்சே?”

அவள் நெருங்கிப் போனாள். அவன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். அந்தக் கை வழக்கம்போல் முதுகு வரை இறங்கப் பார்த்து, கழுத்திலேயே முடி தீர்ந்து, திகைத்து நின்றது.

“எப்போ வெட்டினே?” என்றான்.