படிக்கட்டுக்குக் கீழே இடமில்லை

அன்று படிக்கட்டுக்குக் கீழே உள்ள சின்ன அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, எங்கள் மகன், மருமகள், என் மனைவியின் தம்பி. இந்த ஐந்தாமவரைச் சொந்தக்காரர்கள் ரேடியோ என்பார்கள். ஏன் என்று கேட்டால் அவரே அரைமணி நேரம் விளக்குவார். ஆறாவதாக ஒருவர் நிற்க அந்த அறையில் இடம் கிடையாது. தாங்களும் கதவோரம் நின்று பார்த்ததாக இப்போது சொல்லித் திரிகிறவர்கள் எல்லாரும் ரேடியோவிடம் கேட்டவர்கள்.

எங்கள் வீட்டு சர்வர் அந்த அறையில்தான் இருக்கிறது. செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டில் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் போனிலும் இருப்பவை தாமாகவே அதில் பிரதியாகச் சேரும். அமைத்தது மகன். அறைச் சாவியும் பாஸ்வேர்டும் என்னிடம். எதையாவது அழிக்க வேண்டுமென்றால் ஐந்து பேரும் அங்கே இருக்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. எங்கள் குடும்பத்தில் எதுவும் முதுகுக்குப் பின்னால் நடப்பதில்லை.

ஒரே ஒருமுறை நடந்தது. குடும்பப் படங்களுக்குப் பெயர் எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்த ரேடியோ, என் படத்துக்குக் கீழே ‘ரிட்டயர்டு சிங்கம்’ என்று எழுதிவிட்டார். தான் எழுதவில்லை என்று சாதித்தார். சர்வர் ஒவ்வொரு நாளும் தன்னிடம் உள்ளதை அப்படியே ஒரு நிலையில் நிறுத்தி வைத்துக்கொள்ளும். அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். பின்னால் யார் எதை மாற்றினாலும் அன்றைய நிலையைத் திறந்து பார்க்கலாம். பழைய ஸ்னாப்ஷாட்டுகள் ஒரு மாதத்தில் தாமே கழிந்துபோகும்படி மகன் வைத்திருந்ததால், எனக்கு வேண்டிய நாள் கழிந்துபோயிருந்தது. இனி ஒன்றுகூடக் கழியக்கூடாது என்று அன்றைக்கே உத்தரவிட்டேன். மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அறையைப் பூட்டிவிட்டேன்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் சர்வர் நிரம்பியது.

மருமகள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். ஒரு பள்ளிக்கூடத்துக்கான வரைபடங்கள், ஐந்து மாத உழைப்பு, சர்வரோடு இன்னும் இணைக்காத அவள் லேப்டாப்பில் மட்டும் இருந்தன. அந்த லேப்டாப்புக்குள்ளிருந்து பல்லி கத்துவதுபோல் ஒரு சத்தம் வரத் தொடங்கியிருந்தது. டிஸ்க் எந்த நேரமும் போய்விடும், இன்று சாயங்காலம் கடை மூடுவதற்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன், உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று ரிப்பேர்க்காரர் சொல்லிவிட்டார். வரைபடங்களைப் பிரதி எடுக்கப் போனால் சர்வர் இடமில்லை என்றது.

இடம் உண்டாக்க ஐந்து பேரும் கூடினோம். மதியம் முழுக்க அழித்தோம். என் மனைவி மங்கலான படங்களை எல்லாம் அழித்தாள். ரேடியோ தான் பாடிய பாட்டுகளை அழித்தார். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அழித்து முடித்துப் பார்த்தால் ஒரு பொட்டு இடம்கூடக் கூடவில்லை.

அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் நான் உட்கார்ந்திருந்தேன். மகன் தரையில் முட்டி போட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

“எப்படிடா? கை வலிக்க வலிக்க அழிச்சேனே,” என்றாள் என் மனைவி.

“நீ அழிச்சதெல்லாம் பழைய ஸ்னாப்ஷாட்ல பத்திரமா இருக்கும்மா. ஸ்னாப்ஷாட் எடுக்கறப்ப எடமே பிடிக்காது. நாம எதையாவது அழிக்கறப்பதான் அதோட கனமே தெரியும்.”

“அக்கா வீட்டு பிரிட்ஜ் மாதிரி,” என்றார் ரேடியோ. “வெளிய எடுத்து வெச்சது எல்லாம் மறுநாள் உள்ளதான் இருக்கும்.”

“நீ திங்கறப்ப அது தெரியலையாடா உனக்கு?” என்றாள் அக்கா.

மருமகள் மட்டும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “எதுதான் இவ்ளோ எடத்தப் பிடிச்சிருக்கு?” என்று கேட்டாள்.

மகன் என்னைப் பார்க்காமல் சொன்னான். “எங்க கல்யாண வீடியோ.”

“அது அழிச்சாச்சு,” என்றேன்.

“அழிச்சோம்பா. போகலை.”

அதை அழிக்கச் சொன்னது நான்தான். என் அண்ணன், மூணு வருஷத்துக்கு முன்னால் நடந்த அந்தக் கல்யாணத்துக்கென்றே ஒரு கேமரா வாங்கி, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் வைத்துக் காலையிலிருந்து இரவு வரை எடுத்துத் தள்ளினார். குடும்பப் படம் எடுத்தபோது முதல் வரிசையில் எனக்குப் போட்டிருந்த நாற்காலியில் ரேடியோ உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது வரிசையில் நிற்க நான் மறுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா இரண்டாவது வரிசையில் நிற்பதில்லை. அண்ணன் அதையும் எடுத்துவிட்டார். நாலு மாதம் கழித்து, ஐந்து பேர் முன்னிலையில் மொத்தத்தையும் அழிக்க வைத்தேன். குடும்ப மானம் முடிந்தவரை காப்பாற்றப்பட்டது என்று நினைத்திருந்தேன்.

“அந்த நாலு மாசத்து ஸ்னாப்ஷாட் ஒவ்வொண்ணும் அந்த போல்டர ஆளுக்கொரு கையால பிடிச்சிட்டிருக்கு,” என்றான் மகன். “ஒண்ணு ரெண்டு விட்டா போதாது. எல்லாம் விட்டாத்தான் எடம் வரும்.”

“எல்லாத்தையும் விடச் சொல்லு,” என்றேன். பாஸ்வேர்டைப் போட எழுந்தேன். இவ்வளவு எளிதாக ஒரு விஷயம் எங்கள் வீட்டில் முடிந்ததில்லை.

“என்னங்க,” என்றாள் என் மனைவி. “அதுல உங்க அண்ணன் பேசறார்.”

அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கேமராவை அதற்கு முன்பே விற்றுவிட்டார். எப்போதும் படம் எடுக்கிற ஆளாகவே இருந்ததால் அவர் எந்தப் படத்திலும் இல்லை.

மகன் அந்த நாளைத் திறந்தான். திரையில் நான் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் போட்டோகிராபர் யாரிடமோ தண்ணீர் வாங்கிக் குடித்தார். கேமராவுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“டேய், வந்து நில்லுடா. போட்டோல உன் மூஞ்சி வரப்போவுதா, நாற்காலி வரப்போவுதா?”

அண்ணன் போன பிறகு என்னை ‘டேய்’ என்று கூப்பிட ஆள் கிடையாது. மகன் வீடியோவை நிறுத்தப் போனான். இன்னொருமுறை போடச் சொன்னேன்.

“இத மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டு மீதிய விட்டுடலாம்,” என்றான் மகன். “ஆனா சர்வர்ல வைக்க முடியாது. எடம் வர்றதுக்கு முன்னாடியே வெளிய எடுத்தாகணும். என் போனும் கம்ப்யூட்டரும் நிரம்பி வழியுது.”

மருமகளின் போன் முழுக்கக் கட்டடங்கள். என் மனைவியுடையது பட்டன் போன். என்னுடையதும் அதுதான்.

“என்னுது புதுசு,” என்றார் ரேடியோ மிகுந்த அடக்கத்துடன். “காலியாத்தான் இருக்கு. வரைபடமெல்லாம் அடங்காது, இந்தத் துண்டு அடங்கும்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

“மாமா,” என்றாள் மருமகள் என்னிடம். “அந்த போன்ல ஏத்த உங்களுக்கு மனசில்லைன்னா விட்டுடுங்க. அழிக்கவும் வேண்டாம். பெரியப்பா குரல் இருக்கட்டும். நான் திரும்ப வரைஞ்சுக்கறேன்.”

“அஞ்சு மாசமா?”

“பழகின கைதானே. மூணு மாசத்துல முடிச்சிடலாம்.”

லேப்டாப் மறுபடி கத்தியது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. வேறு ஒருத்தியாக இருந்தால் அன்று எனக்குக் கேட்கத்தகாத நாலு வார்த்தை கேட்டிருக்கும்.

“என் மானத்துக்காகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மூணு மாசம் மரத்தடியில உக்கார வேணாம்,” என்றேன். மகனிடம் நாற்காலியைக் காட்டினேன். “ஏறி உக்காந்து ஒழுங்கா தட்டு. முட்டி தேயுது.”

பிறகு ரேடியோவிடம் சொன்னேன், “போனக் குடுங்க.”

“நாற்காலி மேட்டர நான் ஏன் அத்தான் வெளிய சொல்லப்போறேன்? அதுல உக்காந்திருக்கறதே நான்தானே?”

“அதனாலதான் பயமா இருக்கு.”

நான் தூணோரம் நின்றது முழுவதும் அடங்கிய அந்தத் துண்டு மட்டும் அவர் போனுக்குப் போனது. நான் பாஸ்வேர்டைப் போட்டேன். நாலு மாத ஸ்னாப்ஷாட்டுகளும் ஒவ்வொன்றாகக் கையை விட்டன. கடைசி ஒன்று விடும்வரை இடம் அசையவே இல்லை. விட்டதும் சர்வரில் பாதி காலியாயிற்று. வரைபடங்கள் ஏறின. மருமகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கடைசி வரைபடத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் லேப்டாப்பின் மேலிருந்து கையை எடுத்தாள். மகனும் அவளும் ரிப்பேர்க்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தபோது போய்ச் சேர்ந்தார்கள்.

அண்ணன் பேசும் துண்டை மறுபடி சர்வரில் ஏற்றி, ரேடியோவின் போனிலிருந்து ஐந்து பேர் முன்னிலையில் அழிக்க வைத்தேன். அவருடைய போனும் தான் பார்த்ததை எல்லாம் வேறு எங்கேயோ பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பழையவை ஒரு மாதத்தில் கழிந்துபோகலாம் என்று உத்தரவை மாற்றியிருக்கிறேன். அந்த ஒரு துண்டு மட்டும் எதிலும் கழியாது.

நாற்காலிக்காக நான் ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டு நின்றதாகச் சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. நாற்பத்தொரு நிமிடம். வீடியோ இருக்கிறது.