சம்பந்தி வீட்டு ரூட்டர்

வாப்பா, நான் இன்று வீட்டில் கத்தியதை உம்மா இந்நேரம் சவூதிக்குப் போன் போட்டு உங்களிடம் சொல்லியிருப்பார். கத்தியது உண்மைதான். சும்மா கத்தவில்லை. என் பக்கத்தையும் கேளுங்கள். டைப் அடிக்கப் பொறுமை இல்லாததால் போனில் பேசிப் பேசியே இதை எழுதுகிறேன். எங்காவது வார்த்தை தப்பாக விழுந்திருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் தோஹாவில் என்ன வேலை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்தது கூரைக்குள் ஊர்ந்து கேபிள் இழுக்கிற வேலை. காண்ட்ராக்ட் முடிந்து தென்காசிக்கு வந்தபோது, ஒரு ஆபீஸில் கழித்துப் போட்ட ரூட்டர்களைப் பெட்டியில் கட்டிக் கொண்டு வந்தேன். மாடி அறையில் இரும்புத் தட்டு மாட்டி, அதில் அவற்றை வரிசையாக வைத்து, பழகிப் பார்க்க ஒரு லேப் செய்தேன். இனி கேபிள் இழுக்கக் கூடாது, அந்தக் கேபிளுக்குள் ஓடுவதைப் பார்க்கிற வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

அப்படி ஒரு வேலைக்கு இன்று மதியம் மூன்று மணிக்குக் கடைசி இன்டர்வியூ. தோஹாவில் ஸ்டான்லி என்று ஒரு சார். மார்த்தாண்டத்துக்காரர். அவர் அங்கிருந்தே என் லேபுக்குள் நுழைந்து எதையாவது ஒன்றைக் கெடுத்து வைப்பார். அவர் கண் முன்னால் நான் அதைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். தேறினால் புது விசா. தேறாவிட்டால் பழையபடி கூரைக்குள்.

அவர் உள்ளே வருவதற்கான பாதைதான் இரண்டு நாளாகக் கெட்டுக் கிடந்தது. மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வருக்கும் நம் வீட்டு ரூட்டருக்கும் நடுவில் ஒரு டனல் போட்டிருக்கிறேன். யார் வந்தாலும் அந்தச் சுரங்கம் வழியாகத்தான் லேபுக்கு வர முடியும். எந்த வழி எங்கே போகிறது என்று அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு திடீரென்று அறுந்தது. அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்தது. வீட்டு வைபையும் அந்த ரூட்டரில்தான் என்பதால் உம்மாவின் சீரியலும் நின்று நின்று ஓடியது.

அவை பேசிக்கொள்கிற முறையில்தான் தப்பு என்று நினைத்து அதையே நோண்டினேன். நேர அளவை மாற்றினேன், பாக்கெட் அளவைக் குறைத்தேன், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக எழுதினேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்று காலையில்தான் சர்வரில் வேறொன்றைக் கவனித்தேன். நம் ரூட்டரின் இன்டர்நெட் முகவரி மாறிக்கொண்டே இருந்தது. ஒரு முகவரி, பிறகு இன்னொன்று, பிறகு மறுபடி பழையது. லைன்காரர்கள்தான் இப்படி மாற்றி விளையாடுகிறார்கள் என்று நமக்கு லைன் கொடுத்த பிச்சைமணி அண்ணாச்சியைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"தம்பி, தெருவுல எல்லாத்துக்கும் ஒரே லைன்தான் போவுது. ஒனக்கு மட்டும் தனியா வேணும்னா சொல்லு, கத்தார்லருந்தே இழுத்துத் தாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

உம்மா டீ கொண்டு வந்தபோது நான் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த மனுசன என்னத்துக்குலே வையுத? அங்கன குத்தாலத்துல மிஸ்ரியாவுக்குப் பாத்த மாப்ள வீட்டுலயும் இதே கததான். ரூமுக்கு வந்த சீசன் ஆளுங்க வைபை நிக்குது நிக்குதுன்னு சண்ட போடுதாங்களாம்."

"அவுக வீட்டு வைபை கத எனக்கு எதுக்கு உம்மா? நானே மூணு மணிக்கு..."

"வெள்ளிக்கிழம நான் போயிருந்தப்ப நல்லாத்தான்லே இருந்துச்சு. அன்னைக்குத்தான் மாட்டுனாக. மாட்டுன ஒடனே என் போன்ல தானா ஏறிட்டு. பாஸ்வேர்டு கூட கேக்கல."

"தானா எப்படி ஏறும்?"

"நம்ம வீட்டுப் பேரேதான வருது. ரஹ்மத் மன்ஸில்னு."

வாப்பா, எனக்குக் காது அடைத்துவிட்டது. ஓடிப் போய் அலமாரியைத் திறந்தேன். வீட்டு ரூட்டர் திடீரென்று போய்விட்டால் மாற்றிப் போடுவதற்காக அதைப் போலவே இன்னொன்று வைத்திருந்தேன். ஒரு எழுத்து விடாமல் அதே செட்டிங்கை ஏற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பெட்டியைக் காணவில்லை.

"இங்கன இருந்த பெட்டி எங்க உம்மா?"

"எந்தப் பெட்டி?"

"உம்மா!"

"கத்தாத. சும்மா கெடந்துச்சு. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடயா போவ முடியும்? நீ கொண்டாந்த சென்ட்டு, பிளாங்கெட்டு எல்லாம் நிச்சயத்தன்னைக்கே குடுத்து முடிஞ்சிட்டு. பெட்டியில ஏர்போர்ட்டு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்துச்சு. மவன் கத்தார்லருந்து ஒங்களுக்குன்னே வாங்கியாந்தான்னு குடுத்தேன். மாமாவுக்கு அவ்வளவு சந்தோசம்."

தங்கச்சி மிஸ்ரியாவுக்கு மாமனாராகப் போகிற இஸ்மாயில் மாமாவுக்குச் சந்தோஷமாம். நான் யாரோ ஒரு ஆபீஸின் குப்பையிலிருந்து எடுத்து வந்த ரூட்டர், குற்றாலத்தில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் தென்காசி ரூட்டர் என்று மும்பைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் ஒரே பெயர், டனலுக்குள் நுழைய ஒரே ரகசியச் சாவி. கடைசியாகத் தட்டியது எதுவோ அதற்குத்தான் சர்வர் கதவைத் திறக்கும். இது தட்டினால் அது வெளியே, அது தட்டினால் இது வெளியே. வீட்டிலிருந்து போகிற எல்லாமே டனல் வழியாகத்தான் போக வேண்டும் என்று வேறு எழுதி வைத்திருந்தேன். அதனால் டனல் கை மாறும்போதெல்லாம் குற்றாலத்தில் அவர்கள் சீசனுக்கு வாடகைக்கு விடுகிற ரூம்களிலும் படம் நின்றுவிடுகிறது.

அப்போதுதான் கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். என் பொருளை என்னைக் கேட்காமல் எடுத்ததற்காக மட்டும் இல்லை வாப்பா. கல்ஃபிலிருந்து வந்தவன் கொண்டுவந்த எதுவுமே அவனுடையது இல்லை என்று இந்த ஊரில் எல்லோருமே நினைக்கிறார்கள். என் செருப்புகூட எங்கே போனது என்று இதுவரை தெரியவில்லை.

"சாவிய மாத்திட்டா அஞ்சு நிமிசத்துல என் வேல முடிஞ்சிரும்" என்றேன்.

"அப்ப மாப்ள வீட்டுல?"

"அவுகளுக்கு நெட்டு மொத்தமா நின்னுரும். அந்த டப்பாவ கழட்டிட்டு பழசையே மாட்டச் சொல்லுங்க."

"குடுத்த பொருளக் கழட்டச் சொல்லவா? ரெண்டு நாள்ல கெட்டுப்போன சாமான, பழச, தலையில கட்டிட்டாகன்னு பேச மாட்டாகளா? மிஸ்ரியா அந்த வீட்டுல போயி வாழணும்லே!"

சொன்னதோடு நிற்கவில்லை. இரும்புத் தட்டுக்குப் பக்கத்தில் போய், நம் ரூட்டரின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டார். "நீ அவுகளத நிறுத்துனா நான் ஒன்னத நிறுத்துவேன்."

மணி இரண்டு தாண்டியிருந்தது. குற்றாலத்துக்கு பைக்கில் போய் வரலாம் என்றால், சாரல் சீசன் நெரிசலில் வழியில் இருக்கிற இலஞ்சியைத் தாண்டவே முடியாது.

மிஸ்ரியா படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். காதில் வைத்திருந்த போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மாப்பிள்ளை முஃபீத்தான்.

"மச்சான், அது சனியன் மச்சான்" என்றார் முஃபீத். "ரெண்டு நாளா ரூமுக்கு ரூம் ஏச்சு வாங்குதோம். ஒருத்தர் பாதி வாடகைதான் தருவேன்னுட்டார்."

"அப்ப பிடுங்கிப் போட வேண்டியதுதான மாப்ள!"

"எங்க வாப்பா விட மாட்டுக்காக. சம்பந்தி ஆசையா குடுத்தது, கழட்டுனா அவுக மனசு என்னாவும்னு கேக்குதாக. வாரவங்க போறவங்க எல்லாத்துக்கும் அதக் காட்டி, கத்தார் சாமான்னு சொல்லுதாக. அந்தப் பக்கம் போனாலே என்னைய மொறைக்காக."

பார்த்தீர்களா? அவர்களுக்கும் அது வேண்டாம். எனக்கும் அது அங்கே இருக்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டில் இந்த வீட்டுக்காகவும், இந்த வீட்டில் அந்த வீட்டுக்காகவும் மரியாதை பார்த்துப் பார்த்து, யாருக்கும் வேண்டாத ஒரு டப்பாவுக்கு இரண்டு நாளாகக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒன்னு பண்ணுதேன் மச்சான்" என்றார் முஃபீத். "மூணு மணிக்கு மெயின ஆஃப் பண்ணிருதேன். மழ பெய்யுது, கரண்டு போயிட்டுன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

ஒரு சின்ன டப்பாவை அணைக்க வெட்கப்பட்டுக்கொண்டு, ஆள் நிறைந்த வீட்டையே இருட்டாக்கப் போகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

மூன்று மணிக்குப் போன் டேட்டாவைப் போட்டு லேப்டாப்பில் உட்கார்ந்தேன். ஸ்டான்லி சார் முகம் வந்தது. சலாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"ஆசிக், நான் இன்னும் ஒண்ணும் தொடவே இல்ல. உங்க டனல் விழுந்து விழுந்து எழும்புதே, என்ன அது?"

மிஸ்ரியா வாசலில் நின்று உதட்டை மட்டும் அசைத்தாள். இன்வெர்ட்டர். மெயினை அணைத்ததும் அந்த வீட்டில் ஃபேன் நின்றதாம், டிவி நின்றதாம். ரூட்டர் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரொம்ப விலையுயர்ந்த சாமான் என்று இஸ்மாயில் மாமாதான் அதை இன்வெர்ட்டரில் மாட்டச் சொன்னாராம்.

வேறு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். லைன் சரியில்லை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கலாம். எரிச்சலில் வாயில் உண்மைதான் வந்தது.

"சார், என் ஸ்பேர் ரூட்டர எங்க உம்மா தங்கச்சியோட மாமியார் வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. அதுலயும் இதே சாவி. ரெண்டும் அடிச்சிக்கிடுது."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப நான் எதுக்கு ஒண்ணக் கெடுக்கணும்? இதையே சரி பண்ணிக் காட்டுங்க. என்ன செய்வீங்க?"

"சாவிய மாத்திருவேன் சார்."

"அந்த வீட்டுல இருக்கிற ஆளுங்க?"

"அவுங்க என் ஆளுங்க இல்ல சார்."

"ரெண்டு நாளா உங்க டனல்லதான ஓடிட்டு இருக்காங்க" என்றார்.

அவர் மீதும் கோபம் வந்தது. ஆனால் கேட்டது சரிதான். அந்த டப்பாவுக்குள் நுழைந்தால் அதைத் தனியாக வாழச் சொல்லிவிடலாம். டனல் அதன் கையில் இருக்கும்போதுதான் நுழைய முடியும். நுழைந்து இரண்டு வரி அடிப்பதற்குள் நம் ரூட்டர் தட்டிப் பிடுங்கிக்கொள்கிறது. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் வெளியே தள்ளியது. நிமிர்ந்து பார்த்தேன். உம்மா அப்போதும் சுவிட்சில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அணைங்க உம்மா."

"என்னதுலே?"

"நம்மத அணைங்க. நிறுத்துவேன்னு சொன்னீங்கல்ல? நிறுத்துங்க!"

"நீதான பரீச்ச எழுதிட்டு இருக்க..."

"அணைங்கன்னா அணைங்க உம்மா!"

அணைத்தார். தட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் டனல் குற்றாலத்துக்கே போய் நிலைத்தது. உள்ளே போனேன். திரையில் என் ரூட்டரின் பெயர், என் எழுத்து. சம்பந்தி வீட்டில் எந்தெந்த போன்கள் ஏறியிருக்கின்றன என்று வரிசையாகத் தெரிந்தது. முதலில் அந்த வீட்டு லைன் வழியாகவே வெளியே போகும் பாதையை எழுதினேன். அதை முதலில் செய்யாமல் டனலைப் பிடுங்கினால் அந்த வீட்டில் நெட்டே நின்றுபோகும், திரும்பிப் போய்ச் சரிசெய்ய எனக்கும் வழி இருக்காது. இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். டனலை நீக்கச் சொல்லி என்டர் அடித்தேன். திரை உறைந்தது.

மிஸ்ரியா போனில் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். "வருதாம். நிக்காம வருதாம்."

"போடுங்க உம்மா" என்றேன். நம் ரூட்டர் எழுந்தது. டனல் வந்தது. விழவில்லை. அதன் பிறகு சாவியையும் மாற்றினேன்.

"பரீச்ச நடக்கும்போது சொந்த ரூட்டர அணைக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றார் ஸ்டான்லி சார். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் உடனே வர வேண்டுமாம். ஒன்றாம் தேதிக்குள் சேராவிட்டால் அடுத்த ஆளைப் பார்ப்பார்களாம்.

மிஸ்ரியா நிக்காஹ் அதே மாதம் பத்தாம் தேதி.

உம்மா அதற்குள் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, "என் மவன் இங்கன இருந்துக்கிட்டே ஒங்க வைபைய சரி பண்ணிட்டான் பாத்தீயளா" என்று பெருமை பேசி முடித்திருந்தார். அது பழைய டப்பா என்று மூச்சுகூட விடவில்லை. தேதியைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி நிக்காஹ்வ விட ஒனக்கு வேல பெருசாப் போச்சா?"

இரண்டாவது தடவை கத்தியது அப்போதுதான். இந்த வீட்டில் நடக்கிற நிக்காஹ் எல்லாம் அந்த வேலைக் காசில்தான் நடக்கிறது என்று கத்தினேன். உம்மா கதவைச் சாத்திக்கொண்டார். இன்னும் திறக்கவில்லை. மிஸ்ரியா என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் போகிறேன் வாப்பா. முடிவு பண்ணிவிட்டேன். எனக்காக உம்மாவிடம் பேசுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. மாஜிதா அக்கா நிக்காஹ்வுக்கு நீங்கள் வரவில்லை, தம்மாமில் இருந்து வீடியோவில் பார்த்தீர்கள். அன்று பெண்ணைக் கொடுக்க உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை நானும் இருக்க மாட்டேன். மிஸ்ரியாவுக்கு யார் உட்காருவது? நாளைக்குக் காலையில் உங்கள் மேனேஜரிடம் போய் லீவு கேளுங்கள். கிடைக்காது என்று கேட்பதற்கு முன்னாலேயே எனக்குச் சொல்லாதீர்கள். கேட்டுவிட்டு போன் போடுங்கள்.