மகாராணிக்குப் புரையேறியது

என் மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பஸ்ஸிலிருந்துதான், அவசரத்திலிருந்து இல்லை. கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போதே கை கழுவ எழுந்துவிடுவார். போக வேண்டிய இடம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் முதலில் போய் நிற்க வேண்டும். எனக்கும் மூக்குக்கு மேல்தான் கோபம் என்பதால் எங்கள் இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது. வீட்டில் நிதானமான ஆள் என் கணவர் ஒருவர்தான். அவருக்கு ஷிப்ட் வேலை, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூக்கம்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இரண்டு மாடுகள் வைத்திருக்கிறேன். பெரியவள் ஈற்றுக்கு ஈற்று காளைக் கன்றாகவே போட்டுக்கொண்டிருந்து, ஒரு வழியாக இந்த முறை கிடாரி போட்டாள். இவளை விற்கப்போவதில்லை, இவள்தான் என் மூன்றாவது மாடு என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மகாராணி என்று பெயர் வைத்தது மாமா. புட்டியில் பால் கொடுக்கும் வேலையையும் அவரே பிடுங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் மகாராணி பால் குடிக்கும்போதெல்லாம் இரும ஆரம்பித்தாள். மாமா அவள் உச்சந்தலையில் செல்லமாகத் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்பார். பெற்றவள் பக்கத்திலேயே நிற்கிறாள், வேறு யார் நினைக்கப்போகிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரிப்பேன். வேளைக்கு வேளை தட்டு வாங்கியும் இருமல் நின்றபாடில்லை.

ஒரு நாள் காலையில், என் குரல் கேட்டால் துள்ளிக்கொண்டு வருகிறவள் எழுந்திருக்கவே இல்லை. ஒரு காது மட்டும் தொங்கிக் கிடந்தது. மூக்கிலிருந்து சளி கெட்டியாக வழிந்தது. படுத்த இடத்திலேயே, ஓடிக் களைத்தவள்போல விலா வேகமாக ஏறி இறங்கியது. நேற்று ராத்திரி புட்டியைக் காலி செய்தவளுக்கு என்ன நோய் என்று மாமா சாதித்தார். நான் அதைக் காதில் வாங்காமல் மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

டாக்டரம்மா வந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் கொதித்தது. விலாவின் இரண்டு பக்கமும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, முன்னங்காலை ஒட்டிய இடத்தில் வெகுநேரம் கேட்டார். நிமோனியா என்றார். நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கும்போதும் சில கன்றுகள் பாலை விடாமல் குடிக்குமாம். புட்டியை நம்பக் கூடாது, காதையும் மூச்சையும் எழுந்து வருகிற சுறுசுறுப்பையும் பார்க்க வேண்டும் என்றார். பிறகு அந்தப் புட்டியைக் கேட்டு வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ரப்பர் காம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக வரவேண்டிய பால், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது.

"இந்த ஓட்டையைப் பெருசாக்கினது யாரு?"

மாமா கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நான்தாம்மா. குடிச்சு முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. பிளேடால கொஞ்சம் கீறி விட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. விழுங்க முடியாத வேகத்தில் வந்த பால் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போய்ப் புண்ணாக்கியிருக்கிறது, அந்தப் புண்ணில் கிருமி குடியேறிவிட்டது என்று விளக்கினார். கிருமிக்கு ஓர் ஊசி, காய்ச்சலுக்கும் வலிக்கும் ஓர் ஊசி. குளிருக்கு என்று ஜன்னலில் நாங்கள் கட்டிவைத்திருந்த சாக்கை அவிழ்க்கச் சொன்னார். மூத்திர நெடி அடிக்கிற காற்று நுரையீரலுக்கு ஆகாது, படுக்கைக்கு மட்டும் காய்ந்த வைக்கோல் நிறையப் போடுங்கள் என்றார். துள்ள ஆரம்பித்துவிட்டாள் என்று ஊசியைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பிழைப்பாளா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். எனக்குப் பிடிக்காத வார்த்தை அது.

அவர் போனதும் மாமாவை வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். எந்த ஊருக்கு வண்டி எடுக்க வேண்டியிருந்தது என்றுகூடக் கேட்டேன். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுப்பவர், இனிமேல் நீயே பால் கொடு என்று சொல்லிவிட்டுத் ஒரேயடியாக ஒதுங்கிவிட்டார். அன்று சாப்பிடவும் வரவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை, பாவமாக இருந்தது.

மறுநாள் புதுக் காம்பு மாட்டி நான் உட்கார்ந்தேன். மகாராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெஞ்சினேன், கொஞ்சினேன், அதட்டினேன். சூடு ஆறிப்போன பாலைத் திரும்பவும் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு வந்தேன். ம்ஹூம். கடைக்குப் பால் கொண்டுபோக வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. வெறும் வயிற்றோடு கிடந்தால் ஊசி மட்டும் எப்படிக் காப்பாற்றும்? வாயைப் பிளந்து ஊற்றிவிடுவது என்று முடிவு செய்து அவள் தாடையைத் தூக்கிப் பிடித்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஊத்தாதம்மா. மறுபடியும் நெஞ்சுக்குள்ள போயிடும். நீ போ, நான் உக்காந்துக்கிறேன்."

மாமா வைக்கோலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விரலைப் பாலில் நனைத்து அவள் உதட்டோரம் வைத்தார். அவள் சீந்தவில்லை. அவர் அசையவும் இல்லை, முணுமுணுக்கவும் இல்லை. திரும்ப நனைத்தார், திரும்ப வைத்தார். இந்த மனிதர் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. கடைசியில் ஒரு நாக்கு நீண்டது. விரலைச் சப்பினாள். விரல் இருந்த இடத்தில் மெல்லக் காம்பை நகர்த்தினார். இரண்டு மடக்கு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு மடக்கு. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தோம். இருமல் வரவில்லை. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தொங்கின காது நிமிர்ந்தது. துள்ளலும் வந்தது, ஆனாலும் ஊசியை முழுசாகப் போட்டு முடித்தோம். டாக்டரம்மா மறுபடி விலாவில் வைத்துக் கேட்டுவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

இப்போதெல்லாம் மகாராணி மனசு வைத்துக் குடித்து முடிக்கும்வரை மாமா எழுந்திருப்பதில்லை. அவர் எழுந்திருக்காமல் எனக்கும் கிளம்ப மனசு வருவதில்லை. என்னிடம் பால் வாங்கும் கடைக்காரருக்குத்தான் கஷ்டம். கடிகாரத்தைப் பார்த்து நீ வருகிறாயா, உன்னைப் பார்த்துக் கடிகாரம் ஓடுகிறதா என்று முன்பு கேட்டவர், நேற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தினமும் ஏன் தாமதம் என்றார்.

"வீட்ல சின்னவ சாப்பிட்டுட்டிருந்தா. பாதியில எழுப்ப முடியல" என்றேன்.

எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பாலை அளந்து வாங்கிக்கொண்டார்.