தகரக் கன்னத்து மச்சம்

பட்டாபிராம் ரயில்வே கேட்டுக்கு எதிரே அந்த சோப்பு விளம்பரப் பலகை ஏறிய அன்று, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். பெண்ணின் முகம் மட்டுமே ஒரு குடிசை அளவு இருந்தது. நுரைக்கு நடுவே சிரிப்பு. இடது கன்னத்தில் ஒரு கறுப்பு மச்சம்.

சொர்ணத்துக்கும் அதே இடத்தில்தான் மச்சம். மற்றபடி அவளுக்கும் அந்த முகத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அவள் புருஷன் தேவராஜ் அம்பத்தூர் தொழிற்சாலைக்கு ரயிலில் போய்வருகிறவன். பலகையில் இருப்பது அவன் பெண்டாட்டிதான் என்று பெட்டியில் கேலி கிளம்பியபோது முதலில் அவனும் சேர்ந்துதான் சிரித்தான். பிறகு ஒருநாள், கூட வேலை செய்யும் வேம்புலி சும்மா இல்லாமல் வாயைத் திறந்தான்.

"ஊட்ல இருந்தா நீ மட்டுந்தான் பாக்கலாம் மச்சான். இப்போ நாங்களும் பாத்துகினுதான கீறோம்."

பெட்டியே சிரித்தது. தேவராஜ் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான்.

"எவன் முன்னாடிமே போய் படத்துக்கு குந்திகினு இருந்தே?"

"இன்னாயா பேசற? நான் ரயில்வே கேட்டத் தாண்டி எங்க போனேன்?"

"நெசத்த சொல்லு. இல்லேன்னா காட்டுப்பாக்கத்துல உங்கம்மா ஊட்ல கொண்டுபோய் உட்டுருவேன்."

மறுநாள் அவள் பலகைக்கே போனாள். அதை வரைந்த பூந்தமல்லி ஹாஜா மொய்தீன் சாரத்தில் உட்கார்ந்து, பாக்கியிருந்த சோப்பின் பெயருக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். அண்ணாந்து நின்றபடி, அந்த மச்சத்தை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அது மச்சமே இல்லம்மா. தகரத்த கட்டையில அடிச்ச ஆணி. நடுக் கன்னத்துல வந்துட்ச்சு. எம்மா பெயிண்ட் அடிச்சாலும் துரு கசியுது. சரி, கறுப்பு வெச்சுடுவோம்னு வெச்சேன்."

அப்புறம்தான் அவள் கன்னத்தைப் பார்த்தார். பிரஷ்ஷைத் தோய்த்துக் கறுப்பின்மேல் தோல் நிறத்தைப் பூசினார்.

சொர்ணம் ஓட்டமும் நடையுமாக வீடு வந்தாள். இதோடு தொல்லை தீர்ந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள், நீங்களே சொல்லுங்கள். புருஷன் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"அது வெறும் ஆணியாம்யா. அழிச்சிட்டாரு. வரும்போது பாத்தியா?"

"பாத்தேன். ஆணின்னு யாரு சொன்னது?"

"போர்டு வரையற பாய்."

தேவராஜ் நிதானமாகக் கேட்டான். "நீ சொன்னா அழிச்சிடுவானா அவன்?"

அதற்குப் பிறகு குழாயடியில் அவள் குடத்தோடு வந்தாலே பேச்சு நின்றது. ஒரு மழை பெய்தது. பூசிய தோல் நிறத்தைத் துளைத்துக்கொண்டு துரு கசிந்து, மச்சம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

பலகையில் போகாதது தன் முகத்திலாவது போகட்டும் என்று சொர்ணம் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்துக் கன்னத்தில் வைத்தாள். சதை எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தேவராஜ் வந்து அந்தப் புண்ணைப் பார்த்தான்.

"அது நீ இல்லேன்னா, இத ஏன்மே சுட்டுக்கினே?"

குரல் உயரவில்லை. டிரங்குப் பெட்டியை அவனே எடுத்து வாசலில் வைத்தான்.

காட்டுப்பாக்கம் போக அவர்கள் ஏறிய பூந்தமல்லி பஸ், மூடிய ரயில்வே கேட்டில் நின்றது. தேவராஜ் பின்னால் ஆண்கள் பக்கம் இருந்தான். சொர்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பலகையை எட்டிப் பார்த்தாள்.

"எம்மா லட்சணமா கீறா பாரு. அந்த மச்சம்தான் அழகே." பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "உன் கன்னத்துல இன்னாம்மா காயம்?"

"சுண்ணாம்பு பட்டுட்ச்சு" என்றாள் சொர்ணம்.

கேட் திறந்தது. பஸ் நகர்ந்தது.